கூட்டுக்குள் காற்று ஓடட்டும்

ஹைதராபாத்தில் கோடை வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவதுண்டு என்பதால், பிஎக்ஸ்ஐ போன்ற சோதனைக் கருவிகளை, அதாவது ஒரே கூட்டுக்குள் தேவைக்கேற்பச் செருகிக்கொள்ளும் அட்டைகளாக அமைந்த அளவீட்டுக் கருவிகளை, நிறுவுவோர் காற்றோட்டத்தையே முதலில் கவனிக்க வேண்டும்.

மின்விசிறி செலுத்தும் காற்று எப்போதும் எளிய வழியையே நாடும். ஒரு செருகிடம் முகப்புத் தகடின்றித் திறந்து கிடந்தால், அட்டைகளின் மேல் பாய வேண்டிய காற்று அந்த இடைவெளி வழியே வெளியேறிவிட, அண்டை அட்டை சூடேறி அளவீடு பிசகும். ஆகவே, காலி இடங்களை மூடும் வெற்றுத் தகடுகளை வேண்டாதவை என்று ஒதுக்குவது பெருந்தவறு. காற்றுத் திறப்புகளைச் சுற்றிக் கையேடு குறிப்பிடும் இடைவெளியை விடுவதும், தூசு வடிகட்டியைக் கழுவினால் ஈரம் முற்றிலும் உலர்ந்த பின்னரே மாட்டுவதும் அவசியம்.

அட்டையைச் செருகுமுன் கூட்டின் மின்விசையை அணைத்து, உடலில் தேங்கும் நிலைமின்னூட்டத்தைத் தரைக்குக் கடத்தும் பட்டையை மணிக்கட்டில் அணிய வேண்டும். எர்த் இணைப்பு இல்லாத இரண்டு முள் பிளக்கில் இக்கருவியை ஒருபோதும் இயக்கலாகாது.