நீர்வழிப் படம் தயாரிக்கும் முறை

கூட்டுறவுச் சங்கத்திற்குப் பேரேடு எத்தகையதோ, ஒரு வட்டாரத்தின் நீருக்கு வரைபடம் அத்தகையது. வரவு எங்கிருந்து வந்தது, செலவு எவ்வழியே போயிற்று, நிலுவை எங்கே நிற்கிறது என்பவற்றைப் பேரேடு காட்டுகிறது. அதுபோல் மழைநீர் வரும் இடம், செல்லும் வழி, தேங்கும் பள்ளம் ஆகியவற்றை நீர்வழிப் படம் காட்டுதல் வேண்டும். இக்காலத்தில் அப்படத்தை இணையதளத்தில் ஏற்றி, கைப்பேசியில் ஓரிடத்தைத் தொட்டால் அவ்விடத்தின் விவரம் தோன்றுமாறு செய்யலாம். அதனைத் தயாரிக்கும் முறையைப் பரவனாற்றுப் பகுதியை உதாரணமாகக் கொண்டு ஆராய்வோம்.

நீர்ப்பிடிப்புப் பகுதி என்பது யாது? கூரையின் முகட்டில் விழும் மழை இரு புறமாகப் பிரிந்து வழிகிறது. நிலமும் அவ்வாறே. எவ்வளவு பரப்பில் விழும் மழை ஓர் ஆற்றை வந்தடைகிறதோ, அவ்வளவும் அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியாகும். நெய்வேலிப் பக்கத்து மழைநீரும், சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீரும் பரவனாற்று வழியில் சேர்கின்றன. வாலாஜா ஏரியும் பெருமாள் ஏரியும் இப்பகுதியைச் சார்ந்தவை. முடிவில் ஆறு கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றோடு கூடிக் கடலை அடைகிறது. ஆகவே, மேலே ஒரு வாய்க்கால் தூர்ந்தால் அதன் விளைவைக் கீழே உள்ளவரே அனுபவிக்கின்றனர். 2015 நவம்பர் மழையில் குறிஞ்சிப்பாடி வட்டாரம் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். பயிர் மூழ்கினால் உழவருக்கு நஷ்டம். குழித்தறியில் நீர் புகுந்தால் பாவும் கெட்டு, குழி உலரும்வரை நெசவாளருக்கு வேலையும் இல்லை.

படத்திற்கு முதலில் வேண்டுவது அடித்தளம். இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களும், கிராம வரைபடங்களும் இதற்கு உதவும். 2004ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், 2009இல் இஸ்ரோ வெளியிட்ட புவன் ஆகியவற்றையும் பயன்படுத்தலாம். இவற்றை ஒன்றுசேர்க்க கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

இரண்டாவது, விவரங்களை அடுக்கடுக்காகப் பிரித்தல். ஆறும் ஓடையும் ஓரடுக்கு. ஏரி, மதகு, கலிங்கு ஆகியவை மற்றோர் அடுக்கு. ஊர்களும் தறித் தெருக்களும் வேறோர் அடுக்கு. இயற்கையாக ஓடும் நீரையும் வெட்டிய வாய்க்காலில் வரும் நீரையும் தனித்தனியே காட்டுதல் அவசியம். வீராணம் ஏரியை நோக்குக. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக அதற்குக் காவிரி நீர் வருகிறது. 2004 முதல் அந்நீர் சென்னையின் குடிநீருக்கும் செல்கிறது. சுற்றியுள்ள நிலத்தின் சரிவை மட்டும் வரைந்தால் இவ்விரண்டும் படத்தில் தோன்றா.

மூன்றாவது, மேடு பள்ளத்தை அறிதல். 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடமாகிய எண்டெவர், ராடாரைக் கொண்டு உலகின் பெரும்பகுதியின் உயரத்தை அளந்தது. அவ்வளவை மலைநாட்டிற்குப் பெரிதும் பயன்படும். நமது கடற்கரைச் சமவெளியிலோ ஓரிரண்டு அடி வேற்றுமையே வெள்ளத்தின் போக்கை மாற்றிவிடும். அக்கருவியின் பிழையோ சில மீட்டர் அளவினது. மரத்தின் உச்சியையும் அது தரையாகக் கணக்கிடக்கூடும். ஆதலால் நீர்மட்டக் கருவியால் அளப்பதும், ஊராரைக் கேட்பதும் இன்றியமையாதவை. எந்தத் தெருவில் எவ்வளவு நீர் நின்றது, எத்தனை நாள் நின்றது என்பதை அங்கே வாழ்ந்தவரே அறிவர்.

நான்காவது, பதிவு முறை. ரசீது இல்லாத செலவைத் தணிக்கையில் ஒப்புக்கொள்வதில்லை. ஆதாரம் இல்லாத குறிப்பையும் படத்தில் ஏற்றலாகாது. ஒவ்வொரு குறியைத் தொடும்போதும் நான்கு விவரங்கள் தோன்றவேண்டும்: பொருள் யாது, நிலை எவ்வாறு, கண்ட நாள் எது, தெரிவித்த சங்கம் எது. தனி நபரின் பெயரும் பட்டா எண்ணும் பொதுப்படத்தில் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் எல்லாக் குறிப்புகளையும் சரிபார்த்தல் வேண்டும். சென்ற ஆண்டு திறந்திருந்த மதகு இவ்வாண்டு தூர்ந்திருக்கலாம்.

ஐந்தாவது, எளிமை. எழுத்துகள் தமிழில் பெரிதாக இருக்கவேண்டும். விலை குறைந்த கைப்பேசியிலும் படம் விரைவாகத் திறக்கவேண்டும். கைப்பேசி இல்லாத உறுப்பினருக்காக ஓர் அச்சுப் பிரதியைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல் நலம்.

இப்படத்தால் யாது பயன் என வினவலாம். ஏரி நிறைந்திருக்க வேண்டுமென்பது பாசனதாரர் விருப்பம். பெருமழைக்கு முன் ஏரியில் இடமிருக்க வேண்டுமென்பது தாழ்ந்த தெருவில் தறி வைத்திருப்போர் விருப்பம். இரண்டும் நியாயமானவையே. படம் இவ்வழக்கைத் தீர்த்துவிடாது. ஆயினும் இரு சாராரும் ஒரே கணக்கை முன்வைத்துப் பேச வழிசெய்யும். 2000ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களிடமும் அதிகாரிகளிடமும் முறையிடும்போது, நாளும் இடமும் குறித்த பதிவுக்குத் தனி மதிப்பு உண்டு.

2015இல் சுவர்களில் படிந்த வெள்ளக் கறை சுண்ணாம்புப் பூச்சில் மறைந்திருக்கும். முதியோர் நினைவில் அது இன்னும் இருக்கிறது. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்திற்கு முன்னர், ஒவ்வொரு சங்கமும் தன் ஊரில் வெள்ளம் நின்ற உயரத்தையும், தூர்ந்த வாய்க்கால்களையும் கேட்டறிந்து ஒரு தாளில் எழுதிக் கொணர்க. படத்தின் முதல் அடுக்கு அத்தாளிலிருந்தே உருவாகும்.