உமிழ்நீர்ச் சுரப்பியின் நலிவும் மீட்சியும்

காரைக்குடி வட்டாரக் கிராமங்களில் சிலர், உண்ணும் வேளையில் தாடையின் கீழ் வீங்கிப் பின் வடியும் கட்டிக்குப் பற்றுப் போட்டுக் காலங்கடத்துகின்றனர். புளி நாவிற்பட்டதும் வீங்குமாயின், உமிழ்நீர்க் குழாயைக் கல் அடைத்திருக்கக் கூடும். நாளொன்றுக்குச் சுமார் 1 லிட்டர் உமிழ்நீர் ஊறுகிறது. மடை அடைபட்டால் அது எங்கே போகும்?

அடைப்பு நீடித்தால் சுரக்கும் உயிரணுக்கள் மடிகின்றன. குழாய்ச் சுவரின் உயிரணுக்களோ பெரிதும் எஞ்சுகின்றன. எலிகளின் உமிழ்நீர்க் குழாயைக் கட்டிப் பின் அவிழ்த்த ஆய்வுகளில், சுரக்கும் அணுக்கள் மீண்டும் தோன்றிச் சுரப்பி தேறியது. ஆகவே கல்லை விரைவில் அகற்றுவதில் பயனுண்டு.

வாய்ப்புற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றோரின் சுரப்பிகள் அவ்வளவு எளிதில் மீள்வதில்லை. நா வறட்சி ஆண்டுக்கணக்கில் நீடிப்பதுண்டு. புகையிலையோடு தாம்பூலம் தரிப்போர் உள்ள ஊர்களுக்கு இது சிறிய விஷயமன்று. கட்டியோ ஆறாத வாய்ப்புண்ணோ கண்டவர்களைச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தாமதிக்கலாகாது.