பெயர் சுட்டா இறைமை: வேதநாயகரின் சமரசமும் கிறித்தவ நம்பிக்கையின் பொதுவெளியும்

திறவுச்சொற்கள்: சமரசம், பொதுவெளி, கீர்த்தனை, அந்தாதி, சமயப் பன்மை

முன்னுரை

சமய நம்பிக்கை பொதுவெளியில் தன் இடத்தை இழத்தல் என்னும் பொருள் பெரும்பாலும் மேலைநாட்டு வரலாற்றை அடியொற்றியே விளக்கப்படுகிறது. சார்லஸ் டெய்லர் 2007இல் வெளியிட்ட 'எ செக்யுலர் ஏஜ்' என்னும் நூலில் இம்மாற்றத்தை மூன்று பொருளில் பகுத்துக் காண்கிறார்: பொதுநிறுவனங்கள் இறைவனைச் சுட்டாமல் இயங்குதல், நம்பிக்கையும் வழிபாடும் குறைதல், நம்பிக்கை பல தெரிவுகளுள் ஒன்றாகிவிடுதல். இவற்றுள் மூன்றாவதற்கு நெருக்கமான ஒரு நிலையைக் கிறித்தவப் புலவர் ஒருவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதை மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் (1826–1889) படைப்புகள்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவகைப் பனுவல்கள்

கத்தோலிக்கராகிய வேதநாயகர், பல சமயத்தாரும் வழக்காட வரும் நீதிமன்றத்தில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். அவருடைய படைப்புகள் இரு திறத்தன. 'நீதிநூல்' (1859), 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' (1878), 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) ஆகியன அனைத்துச் சமயத்தாரையும் நோக்கியவை. 'தேவமாதா அந்தாதி', 'பெரியநாயகியம்மை பதிகம்' போன்றன கத்தோலிக்கப் பத்தியில் வேரூன்றியவை. கீர்த்தனை நூல் இறைத்துதியோடு அறவுரை, உத்தியோகம், குடும்பம் ஆகியவற்றையும் பாடுபொருளாக்குகிறது. அங்கு இறைவன் உண்டு. ஒரு சமயத்துக்கே உரிய பெயர் முன்னிறுத்தப்படுவதில்லை. அந்தாதியிலும் பதிகத்திலும் மரியன்னை வெளிப்படையாகவே போற்றப்படுகிறார். எனவே, கீர்த்தனையின் பொதுமையை நம்பிக்கைத் தளர்ச்சி எனக் கொள்ள இயலாது. பாடுவோரும் கேட்போரும் யார் என்பதற்கேற்ப அமைந்த மொழித் தெரிவாகவே அதனைக் கொள்ளுதல் பொருந்தும்.

சமரசத்தின் சூழல்

டெய்லர் காட்டும் மேலைச் சூழலில் நம்பிக்கைக்கு எதிரே நிற்பது பெரிதும் நம்பிக்கையின்மை. வேதநாயகரின் எதிரே நின்றவையோ பிற நம்பிக்கைகள். அவற்றோடு அவர் கொண்ட உறவு ஒருவழிப்பட்டதன்று. சைவப் புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரைத் தலைவராக்கிக் 'குளத்துக்கோவை' பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரை வேதநாயகர் பாடினார். அக்காலத்தே வள்ளலாரும் 1865இல் தாம் நிறுவிய சங்கத்தின் பெயரில் சமரசம் என்னும் சொல்லை அமைத்தார். ஆகவே வேதநாயகரின் சமரசம் இறைவனைப் பொதுவெளியிலிருந்து நீக்குவதன்று. இறைவனை நிறுத்திச் சமயப் பெயரை மட்டும் பின்வைப்பது.

பெயர் நீங்கியதன் விலை

இத்தெரிவுக்கு விலையும் உண்டு. மனுவுரு ஏற்றல், சிலுவைப்பாடு போன்ற கிறித்தவத்தின் தனிக்கோட்பாடுகளுக்குப் பொதுமொழியில் இடம் அமைவது அரிது. ஜான் பனியனின் நூலைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) இதற்கு மறுதலையானது. அது தமிழ்க் காப்பிய மரபை ஏற்றும் கிறித்தவ மீட்புக் கோட்பாட்டை மறைக்கவில்லை. முன்னது நம்பிக்கையின் பரப்பை விரித்தது. பின்னது அதன் தனித்தன்மையைக் காத்தது.

முடிவுரை

வேதநாயகரின் கீர்த்தனைகள் கருநாடக இசைமேடைகளில் இன்றும் ஒலிக்கின்றன. அவற்றைச் சுவைப்போர் இயற்றியவரின் சமயத்தை அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நம்பிக்கையின்மை மேலோங்காத ஒரு பண்பாட்டிலும், பொதுமையின் வழியாகவே ஒரு சமயத்தின் அடையாளம் மங்கக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது. ஆதலின் கீர்த்தனையையும் அந்தாதியையும் தனித்தனியே மதிப்பிடாது இணைத்துப் பயிலும்போதே வேதநாயகரின் சமரசம் முழுமையாக விளங்கும். தமிழ்ப் பொதுவெளியில் கிறித்தவம் பெற்ற இடமும் அதற்காக அது விட்டுக்கொடுத்ததும் ஒருங்கே புலப்படும்.