வாகனக் கேள்வி-பதில்: ‘பி’யில் நின்ற வண்டி

மதுரை வாசகர்: இரண்டு வருஷமாகச் சொன்னபடி கேட்ட என் ஆட்டோமாட்டிக் கார், நேற்று முதல் பிரேக்கை மிதித்தாலும் லீவரை ‘பி’யிலிருந்து நகரவிடுவதில்லை. கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

கியர்பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு, பின்விளக்கு எரிகிறதா என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லையென்றால் பெடலின் மேற்புறமுள்ள சிறு ஸ்விட்சையோ ஃப்யூஸையோ மாற்றினால் போதும், ஏனெனில் விளக்குக்கும் லீவரின் பூட்டுக்கும் சேதி போவது அநேக வண்டிகளில் அந்த ஒரே ஸ்விட்சிலிருந்துதான்.

ஈரோடு வாசகர்: தொந்தரவு செய்யும் அந்தப் பூட்டையே கழற்றி எறிந்துவிடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

கூடாது. நண்பரை வீட்டுக்கு அழையுங்கள், வண்டிக்கருகில் விடாதீர்கள்.

தஞ்சாவூர் வாசகர்: டெக்சாஸிலிருக்கும் என் மகன் 2014 மாடல் ராம் பிக்கப் ஒன்றைப் பழசாக வாங்கியிருக்கிறான். லீவர் பூட்டின் பழுதுக்காகக் கம்பெனி திரும்ப அழைத்த ரகமாம். ‘நன்றாகத்தானே ஓடுகிறது’ என்கிறான்.

ஓடும்போது தெரியாமல், நிற்கும்போது தெரியவருவதே இந்தப் பழுதின் விபரீதம். பிரேக்கில் கால் வைக்காமல் லீவர் ‘பி’யை விட்டு நகரலாகாது என்பதற்காக, மின்காந்தத்தால் இயங்கும் சிறு ஊசி ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார்கள். எஞ்சினை ஓடவிட்டு, ‘பி’யில் போட்ட பிறகும் பிரேக்கை மிதித்தபடியே சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் வழக்கத்தால் உஷ்ணமேறி, அவ்வூசி திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளக்கூடும் என்று கண்டுதான், ஸ்டீயரிங் தண்டில் லீவர் வைத்த 2009 முதல் 2017 வரையிலான ராம் வண்டிகளில் சுமார் 18 லட்சத்தை ஃபியட் கிறைஸ்லர் 2017 டிசம்பரில் திரும்ப அழைத்தது. சிக்கிய பின் பிரேக்கும் வேண்டாம், சாவியும் வேண்டாம். முன்ஸீட்டில் விளையாடும் குழந்தையின் கை பட்டாலே போதும். பயப்பட வேண்டாம்: வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்தால், வேலை பாக்கியிருக்கிறதா என்று டீலர் பார்த்து, இருந்தால் காசு வாங்காமல் முடித்துக்கொடுப்பார்.

இனி உங்கள் மகனுக்கு மட்டுமல்லாமல் சகலருக்கும் ஒரு வார்த்தை. ‘பி’யில் போட்டாயிற்றே என்று ஹேண்ட்பிரேக்கைத் தொடாமல் இறங்கிப்போகும் மகானுபாவர்களைக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை. ‘பி’ என்பது கியர்பாக்ஸினுள் பல்சக்கரமொன்றின் இடுக்கில் விழும் சிறிய இரும்புக் கொக்கி, அவ்வளவுதான். சரிவில் இரவெல்லாம் முழு வண்டியும் அதன்மேல் சாய்ந்து கிடந்ததன் அடையாளந்தான், காலையில் லீவரை இழுக்கும்போது ‘டங்’கென்று எழும் சப்தம். காலைப் பிரேக்கில் வைத்தபடியே ‘என்’னுக்கு வந்து, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு (ராமில் அது இடது காலால் மிதிப்பது), காலைச் சற்றே தளர்த்தி, பாரம் அதன்மேல் இறங்கிற்றென்று நிச்சயித்துக்கொண்டு, மறுபடி மிதித்து ‘பி’யில் போட்டு, அப்புறம் காலை எடுத்துவிடுகிறவரின் வண்டி, பூட்டு கெட்டு லீவர் நழுவினாலும் சரிவில் உருளாது. இதற்கு ஆகும் நேரம் கதவைச் சாத்தும் நேரம். அதையும் மிச்சம் பிடித்து என்ன சாதிக்கப்போகிறோம்?

சேலம் வாசகர்: என் ஏ.எம்.டி. காரில் ‘பி’யே கிடையாது. ஏற்காட்டுச் சரிவில் எப்படி நிறுத்துவது?

ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்து, கையேட்டில் சொல்லியபடி கியரில் விட்டு எஞ்சினை அணையுங்கள். சக்கரத்தடியில் கல் வைப்பதில் அவமானமில்லை. கிளம்பும்போது அதை நடுரோட்டில் விட்டுச் செல்வதுதான் அவமானம்.