சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தை முதல் விருப்பமாக்குவது எப்படி?

அட்லாண்டாவின் வடக்குப் புறநகர்களில், ஜான்ஸ் க்ரீக், கம்மிங் பக்கம், தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் அவற்றில் பலவும் ஒரே மாதிரிப் பட்டியல் போடுகின்றன. மேலே பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள். அடியில், வேறெதுவும் கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று, ஏதென்ஸில் உள்ள ஜார்ஜியா பல்கலைக்கழகமும் ஜார்ஜியா டெக்கும். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே என் வாதம். ஜார்ஜியா டெக்கில் உள்ளூர் மாணவருக்கும் இடம் எளிதில் கிடைப்பதில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கடைசி விருப்பமாக வைத்த இடத்துக்கு நாம் மிச்ச உழைப்பைத்தான் தருவோம். மாநில உதவித்தொகையும் ஆனர்ஸ் எனும் சிறப்புப் பிரிவுச் சேர்க்கையும் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே உழைப்பைக் கேட்கின்றன.

பணத்திலிருந்து தொடங்குவோம். 1993இல் மாநில லாட்டரி வருமானத்தைக் கொண்டு தொடங்கிய ஹோப் உதவித்தொகை, 2011இல் இரண்டு அடுக்கானது. மேல் அடுக்குக்கு அத்திட்டத்தைக் கொண்டுவந்த ஆளுநர் ஸெல் மில்லரின் பெயர். ஹோப்புக்கு 3.0 சராசரி போதும். ஸெல் மில்லருக்கு 3.7 சராசரியும், ஒரே அமர்வில் எழுதிய எஸ்ஏடியில் 1200 மதிப்பெண்ணும் பொதுவான வழி. அரசுப் பல்கலைக்கழகத்தில் ஸெல் மில்லர் முழுப் பாடக்கட்டணத்தையும் ஏற்கும். விடுதி, சாப்பாடு, புத்தகம், இதர கட்டணங்கள் குடும்பத்தின் பொறுப்பு. இந்தப் பணத்துக்கு யாரும் நேர்காணல் வைப்பதில்லை. விதி நிறைவேறினால் கிடைக்கும். ஆகவே முதல் வேலை அந்த விதியைச் சரியாகப் புரிந்துகொள்வது.

பெற்றோர் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். பள்ளியின் அறிக்கையில் 4.2 என்று இருக்கும் சராசரி, ஹோப் கணக்கில் வேறு எண்ணாகிவிடும். ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், அயல்மொழி ஆகிய பாடங்கள் மட்டுமே அதில் சேரும். இசையும் உடற்பயிற்சியும் சேராது. பள்ளி தானாகச் சேர்த்த கூடுதல் புள்ளிகளைக் கழித்துவிடுவார்கள். கல்லூரித் தரத்திலான ஏபி பாடத்தில் பி வாங்கினால் அரைப் புள்ளி கூட்டி 3.5 ஆக்குவார்கள், ஏ என்றால் 4.0க்கு மேல் போகாது. கூட்டிப் பாருங்கள்: பத்துச் சாதாரணப் பாடங்களில் ஏழு ஏ, மூன்று பி என்றால் சரியாக 3.7. நான்காவது பி வந்தால் எல்லை தாண்டிவிடும். ஆனால் அந்த பி எல்லாம் ஏபி பாடங்களில் வந்திருந்தால் ஆறு வரை தாங்கும். சராசரி கெட்டுவிடும் என்று கடினமான பாடங்களைத் தவிர்ப்பது இந்தக் கணக்கின்படியே தவறு. கடினப் பாடப் பட்டியலிலிருந்து நான்கு முழு அலகுகள் முடித்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இன்னொன்று, இக்கணக்கில் 90ம் 99ம் ஒன்றே. 89க்கும் 90க்கும்தான் மலையளவு வித்தியாசம். எனவே பருவ முடிவில் 88இல் நிற்கும் பாடத்துக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மாநிலத்தின் ஜிஏஃபியூச்சர்ஸ் தளத்தில் பிள்ளையின் பெயரில் கணக்குத் தொடங்கினால் ஹோப் சராசரியை அங்கேயே பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்து, பிழை இருந்தால் பள்ளி ஆலோசகரிடம் உடனே சொல்ல வேண்டும்.

இரண்டாவது வேலை, பல்கலைக்கழகம் தானே தரும் உதவித்தொகை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஃபவுண்டேஷன் ஃபெலோஷிப் 1972இலிருந்து இருக்கிறது. ஜார்ஜியா டெக்கில் ஸ்டாம்ப்ஸ் உதவித்தொகை. இங்கே விதி மட்டும் பேசாது, ஆட்கள் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜார்ஜியா மாணவர் இரண்டு இடங்களுக்கும் முன்கூட்டிய சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் வழக்கமாக அக்டோபர் 15. அதைத் தவறவிட்டால் பெரிய தொகைகளுக்கான வாய்ப்பும் அநேகமாகப் போய்விடும். தனியார் கல்லூரிகளுக்கு ஆறு மாதம் செதுக்கிய கட்டுரையை இங்கே அவசரமாக ஒட்டி அனுப்பினால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். இந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த ஆய்வில் சேர விருப்பம், ஏன், என்று குறிப்பாக எழுதுவதற்குக் கோடை விடுமுறையை ஒதுக்குங்கள்.

ஆனர்ஸ் என்பது வெறும் பட்டம்தானே என்று கேட்பார்கள். பட்டத்துக்காக மட்டும் சேர்பவருக்கு அப்படித்தான் முடியும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மோர்ஹெட் ஆனர்ஸ் கல்லூரியில் வகுப்புகள் சிறியவை; பாடங்களை முன்னதாகப் பதிவுசெய்யும் உரிமை உண்டு. பல்லாயிரம் பேர் படிக்கும் இடத்தில் பேராசிரியர் உங்கள் பெயரைத் தெரிந்து வைத்திருப்பதுதான் பின்னாளில் பரிந்துரைக் கடிதமாகிறது. சேரும் முன் ஆனர்ஸ் வகுப்புகள் உங்கள் துறையிலேயே எத்தனை இருக்கின்றன என்று பாடப் பட்டியலைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

பெரிய மறுப்பு, புகழைப் பற்றியது. 2002இல் ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் வெளியிட்ட ஆய்வு, ஒரே திறமையுள்ள மாணவர்களில் மிகத் தேர்ந்த கல்லூரிக்குப் போனவருக்கும் போகாதவருக்கும் சராசரி வருமானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வித்தியாசம் தெரிந்தது. 2023இல் ராஜ் செட்டியும் கூட்டாளிகளும் செய்த ஆய்வும் சராசரியைப் பொறுத்தவரை ஏறக்குறைய அதையே கண்டது. ஆனால் வருமானத்தின் உச்சியில் உள்ள ஒரு சதவீதத்துக்குள் நுழையும் வாய்ப்பை ஐவி நிலைக் கல்லூரிகள் கணிசமாகக் கூட்டுகின்றன என்றும் காட்டியது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்த உச்சிக்கு ஆசைப்படும் குடும்பம் விலையைத் தெரிந்துகொண்டு ஆசைப்படட்டும். ஐவி கல்லூரிகள் தகுதி உதவித்தொகை தருவதே இல்லை. தேவையைப் பொறுத்தே தருகின்றன. பெற்றோர் இருவரும் கணினித்துறையில் சம்பாதிக்கும் வீட்டுக்கு அந்தத் தேவை அநேகமாகப் பூஜ்யம்தான். ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் நிகர விலைக் கணிப்பான் இருக்க வேண்டும் என்பது சட்டம். விண்ணப்பிக்கும் முன்பே சொந்த எண்களைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கசப்பான உண்மையும் இதில் உண்டு. ஹோப்பும் ஸெல் மில்லரும் குடியுரிமை உள்ளவருக்கும், பச்சை அட்டை வைத்திருப்போர் போன்ற தகுதியுள்ள பிறருக்கும்தான். எச்-4 விசாவில் இரண்டு வயதிலிருந்தே ஜார்ஜியாவில் வளர்ந்த பிள்ளைக்கும் கிடையாது. இது நியாயமல்ல என்பது என் கருத்து. ஆனால் இதைப் பன்னிரண்டாம் வகுப்பில் கேட்டு அதிர்வதைவிட ஒன்பதிலேயே தெரிந்துகொள்வது மேல். பல்கலைக்கழகத்தின் சொந்த நிதிக்கு விதிகள் வேறு. அவற்றையும், உள்மாநிலக் கட்டணம் கிடைக்குமா என்பதையும் சேர்க்கை அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

கையில் சேர்க்கைக் கடிதங்கள் வந்தபின் மே 1க்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அப்போது நான்காண்டுக் கணக்கையே ஒப்பிடுங்கள், முதலாண்டுக் கணக்கு ஏமாற்றும். ஸெல் மில்லர் தொடர்வதற்குக் கல்லூரியில் 3.3 சராசரி வேண்டும். பொறியியல் மாணவருக்கு முதல் பருவத்திலேயே கால்குலஸும் வேதியியலும் சேர்ந்து வருவது அபாயம். பட்டியலில் உள்ள சில அறிவியல், கணிதப் பாடங்களில் பி, சி, டி வாங்கினால் அரைப் புள்ளி கூடும் என்ற சலுகை 2017 முதல் இருக்கிறது. எந்தெந்தப் பாடங்கள் என்று பதிவுக்கு முன்பே பார்த்து வையுங்கள்.