தேயிலை மலையில் தவளைக்கண் கார்

கொழும்பிலிருந்து பழைய கார்களோடு படம் எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு ஒண்ணு காட்டுங்க" என்பதுதான். அட்டனில் கலியாண வீடியோ எடுத்துப் பிழைக்கிற எனக்கு இந்தக் கார் படங்கள் இடையிடையே வரும் சந்தோஷமான வேலை. இடத்தைக் கேக்காதீங்க, நேரத்தைக் கேளுங்க என்பேன். தோட்டத்து ரோடு தொழிலாளர்களின் வேலைத்தலத்தை ஊடறுத்துப் போகிறது. அவர்களுடைய நாள் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் ரோடு எப்போது காலியாகும் என்பதும் தெரிந்துவிடும்.

காலை ஆறு மணிக்கு வெளிச்சம் வரும். ஆறேகால் முதல் ஆறேமுக்கால் வரை நல்ல நேரம்: வெயில் மலைமுகட்டைத் தொடும், இலையில் ஈரம் இருக்கும். அதன்பிறகு கெமராவை மூடிவிட வேண்டும். அரசாங்கப் பாடசாலைகள் 7.30க்குத் தொடங்குகின்றன. லயங்களிலிருந்து பிள்ளைகள் ரோட்டோரமாகவே நடந்து வருவார்கள். நடைபாதை என்று ஒன்று இல்லை. ஏறக்குறைய அதே நேரத்தில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுக்கும் பெண்கள் மலைக்குக் கிளம்புவார்கள். இந்த நேரத்தில் காரை ஓரங்கட்டிவிட்டு ரொட்டியும் சம்பலும் சாப்பிடுவதுதான் புத்தி. எட்டரைக்குப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், பெண்கள் மலையில் இருப்பார்கள். கொழுந்து லொறி சுற்றக் கிளம்பும்வரை ரோட்டில் ஈ காக்கை இருக்காது. என்னுடைய நல்ல காட்சிகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில் எடுத்தவை. மதியத்துக்கு மேல் பனிமூட்டம் ஏறும், 1.30க்குப் பாடசாலையும் விடும். அன்றைக்கு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ரோடு காலியாக இருக்கும் என்று பலர் கணக்குப் போட்டு வருகிறார்கள். தோட்டத்துச் சனம் சாமான் வாங்க டவுனுக்கு இறங்குவதே ஞாயிறுதான். வாரநாளில் வாருங்கள்.

மாதத்தைத் தெரிவுசெய்வதும் அதே அளவு முக்கியம். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை அட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தை விடாமல் நனைக்கும். அந்த மாதங்களில் மத்திய மலைத்தொடரைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் போனால் வெயிலும் காய்ந்த காற்றும் கிடைக்கும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தரும் காலமும் அதுவே. ஜனவரி முதல் மார்ச் வரை நிலைமை திரும்பிவிடும்; அப்போது டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கம் வானம் தெளிவாக இருக்கும். தேயிலைத் துரைமார் தரத்துக்காகக் காத்திருக்கும் மாதங்களே கெமராக்காரனுக்கும் நல்ல மாதங்கள்.

ஏப்ரலில் மட்டும் நுவரெலியாவுக்கு வராதீர்கள். வசந்தகால சீசன் நடக்கும். கிரகரி வாவியைச் சுற்றி வாகனம் நகராது. பழைய கார் மேட்டில் ஏறும் சத்தத்தைக் கேட்க வேண்டுமென்றால் அது வேறு கதை. 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் அந்த சீசனோடு சேர்ந்த விஷயம். அங்கே ஓரமாக நின்று கவனித்தால் ஒரு வளைவுக்கு எங்கே நின்றால் கார் அழகாகத் தெரியும் என்ற பாடம் இலவசமாகக் கிடைக்கும்: வளைவின் உள்பக்கம், ரோட்டைவிட உயரத்தில், கார் வெளியேறும் முனையைப் பார்த்தபடி. பாதுகாப்பான இடமும் அதுதான். கட்டுப்பாடு இழக்கும் கார் பெரும்பாலும் வளைவின் வெளிப்பக்கம்தான் போகும்.

இனி காருக்கு வருகிறேன். நான் அதிகம் படம் பிடித்தது நண்பர் ஒருவரின் ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட். 1958இல் வெளிவந்த முதல் மாதிரி. போனட்டின் மேல் இரண்டு லைட்டும் துருத்திக்கொண்டு நிற்பதால் ஆங்கிலேயர் அதற்குத் தவளைக்கண் என்று பேர் வைத்தார்கள். நீளம் பதினொன்றரை அடிகூட இல்லை. கதவுக்கு வெளிக் கைபிடி கிடையாது. உள்ளே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும். டிக்கிக்கு மூடியும் கிடையாது. சாமானை சீட்டின் பின்னால் குனிந்து தள்ள வேண்டும். ஆகவே கெமராப் பைகளுக்கு ஒரு வான் தனியாக வேண்டும். நானுஓயாவுக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் இந்தக் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, கூரை போடுறதுக்குக் காசு பத்தலையா?" என்று கேட்டார். நண்பர் இன்னும் அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் காரை மலைக்குக் கொண்டுவரலாம் என்ற தைரியத்துக்குக் காரணம் அதன் என்ஜின். 948 சிசி. அந்தக்கால மொரிஸ் மைனர் 1000இல் இருந்த அதே குடும்பத்து என்ஜின்தான், கார்புரேட்டர் மட்டும் இரண்டு. மொரிஸ் மைனர் இலங்கையில் இன்னும் ரோட்டில் ஓடுகிறது. அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பாஸ்மார் அட்டனிலும் கம்பளையிலும் இருக்கிறார்கள். உங்களுடையது அபூர்வமான வேறு கார் என்றால் ஆள் தேடிக் களைத்துப் போவீர்கள்.

கொழும்பில் ஒழுங்காக ஓடிய கார் நுவரெலியாவில் இருமும், கறுப்புப் புகை கக்கும். ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெற்றோல் கூடி, காற்றுக் குறைந்துபோகிறது. கார்புரேட்டரில் கலவையைக் கொஞ்சம் மெலியவைக்க வேண்டும். திரும்பி இறங்கும்போது மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய கவலை பிரேக். இந்த ஸ்பிரைட்டுக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஒரே இறக்கத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னால் பிரேக் சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிமானம் குறையும். லபுக்கலையிலிருந்து றம்பொடைக்கு இறங்கும் வளைவுகளில் இரண்டாவது கியரை விடாதீர்கள். இறக்கத்துக் காட்சி ஒன்று எடுத்தால் அடுத்ததை ஏற்றத்தில் எடுங்கள். காருக்கும் ஓய்வு, படத்துக்கும் மாற்றம்.

வேகம் பற்றித்தான் அதிகம் வாக்குவாதம் வரும். கார்க்காரருக்கு வேகமாக ஓட்டிக் காட்ட ஆசை. மணிக்கு முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் போதும் என்பேன். கெமரா முழங்கால் உயரத்துக்குக் கீழே இருந்து, தேயிலைச் செடி லென்ஸை உரசுகிற மாதிரிக் கடந்து போனால், அந்த வேகமே திரையில் பறக்கும். வினாடிக்கு 25 பிரேம் என்றால் ஷட்டரை ஐம்பதில் ஒன்றில் வையுங்கள். வெயிலில் அது வெளுத்துப் போகும். வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்பு பில்டர் கட்டாயம். பில்டர் இல்லாமல் ஷட்டரைக் கூட்டினால் சக்கரம் உறைந்து நிற்கும், கார் தள்ளிக்கொண்டு போவது மாதிரி இருக்கும்.

தேயிலை இலைக்கு மினுமினுப்பு அதிகம். காலை வெயிலில் மலை முழுக்க வெள்ளிப் பூச்சு அடித்த மாதிரித் தெரியும். போலரைசர் பில்டர் போட்டால் பச்சை திரும்பி வரும். ஆனால் காரின் பெயின்ட் மேல் ஓடும் வானத்தின் பிரதிபலிப்பும் போய்விடும். பழைய காரின் வளைவுகளைக் காட்டுவதே அந்தப் பிரதிபலிப்புத்தான். பாதி அளவுக்குத் திருப்புங்கள். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடக் கூடாது. சட்டம் முழுக்கப் பச்சை நிரம்பியதும் கெமரா தானாக மஜெந்தாவைக் கூட்டிவிடும். கார் பச்சை நிறமென்றால் தேயிலைக்குள் தொலையும். வெள்ளைக் கார் மூட்டத்தில் தொலையும். சிவப்பு எடுபடும், ஆனால் கொஞ்சம் கத்தும். வெளிர்மஞ்சள்தான் இந்த மலைக்கு என்று நான் சொல்வேன். நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை, அவருடையது சிவப்பு.

இன்னொரு சங்கதி. தேயிலை இடுப்பளவு வளரும், ஸ்பிரைட்டோ தரையோடு போகிறது. சமதரையில் நின்று எடுத்தால் ஓட்டுநரின் தலை மட்டும் செடிக்கு மேலே மிதந்து போகும். மேல் வளைவுக்கு ஏறி, கீழே பார்த்து எடுங்கள். எட்ட இருந்து எடுக்கும் காட்சியில் யார் ஓட்டுகிறார் என்பது தெரியாது. உரிமையாளருக்குப் பதில் அனுபவமுள்ள ஒருவரை ஓட்டச் சொல்லலாம். சினிமாவுக்கு இது பழைய வித்தை. 1954இல் வந்த 'எலிபண்ட் வாக்' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதை. விவியன் லீ நடித்துக்கொண்டிருந்தபோது நோயுற்று விலக, எலிசபெத் டெய்லர் வந்தார். லீ நடித்த சில தூரக்காட்சிகளை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

சத்தத்தைக் கெமராவின் மைக்கில் பிடிக்காதீர்கள், காற்றுத்தான் விழும். சிறிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை உரோமக் கவசம் போட்டு சீட்டுக்குப் பின்னால் கட்டுங்கள். ஏற்றத்தில், இரண்டாவது கியரில், என்ஜின் சுமையோடு இழுக்கும்போதுதான் சத்தத்துக்கு உடம்பு இருக்கும். இன்னொரு கருவியைப் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்தில் வைத்தால் கார் கண்ணில் படுமுன்னே சத்தம் மலையில் மோதித் திரும்புவது கிடைக்கும். ஆடி மாதமும் திருவிழாக் காலமும் என்றால் கோயில் ஒலிபெருக்கி விடியுமுன்னே தொடங்கிவிடும். அதை நிறுத்தச் சொல்ல நமக்கு என்ன உரிமை? ஒலிப்பதிவை வேறு நாளுக்கு வையுங்கள்.

மூட்டத்தில் உறிஞ்சுப் பிடியை நம்பிக் கெமராவைக் காரில் ஒட்டாதீர்கள். ஈரப் பெயின்டில் அது பத்து நிமிடம் பிடிக்கும், பதினோராவது நிமிடம் கொழுந்துக்குள் போய் விழும். துடைத்து ஒட்டி, கயிற்றாலும் கட்டுங்கள். குளிரில் இருந்த கெமராவைச் சட்டென்று சூடான வானுக்குள் கொண்டுபோனாலும் லென்ஸ் வியர்க்கும்.

அனுமதி விஷயத்தில் சோம்பல் கூடாது. 1992 முதல் பெரும்பாலான தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன; உள் ரோடுகள் அவர்களுடைய பொறுப்பு. பெரிய துரைக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, கையெழுத்தோடு வாங்குங்கள். கணக்கப்பிள்ளை வாயால் சரி என்றது கேட்டில் நிற்கும் வாச்சருக்குப் போதாது. ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். பிதுருதலாகலை உச்சிப் பக்கம் அதைக் கிளப்பவே நினைக்காதீர்கள். அது பாதுகாப்பு வலயம். காசல்ரீ, மவுசாக்கலை அணைக்கட்டுகளின் மேல் காரை நிறுத்திப் படம் எடுக்க முயன்றாலும் காவலர்கள் வருவார்கள்.

கொழுந்தெடுக்கும் பெண்களைப் பின்னணிக்கு நிறுத்துவது எனக்குப் பிடிக்காது, காரணமும் உண்டு. சொன்ன கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் சிரிங்க" என்று நீங்கள் செலவழிக்கும் இருபது நிமிடம் அவர்களுடைய கூடையிலிருந்து போகிறது. அவர்கள் படத்தில் வேண்டும் என்றால் முதலில் அவர்களிடம் கேளுங்கள், நேரத்துக்கு உரிய காசைக் கையில் கொடுங்கள். வேண்டாம் என்றால் கெமராவைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

எந்த ரோடு? நானுஓயா – ரதல்லை குறுக்குப்பாதை பார்க்க அழகு, ஆனால் செங்குத்து. 2023 ஜனவரியில் அங்கே பஸ் ஒன்று வானிலும் ஆட்டோவிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அங்கே நான் கெமரா எடுப்பதில்லை. தலவாக்கலை வழியாகப் போகும் பிரதான வீதியில் டெவன், சென்கிளேயர் அருவிகள் தெரியும். ஆனால் பஸ்ஸும் லொறியும் ஓயாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மலைநாட்டு வீதிகள் பல இடங்களில் சரிந்தன. ஆகவே எங்கே போவதானாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை முதல்நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

என் முதல் தெரிவு நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை போகும் ரோடு. டிசெம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் கூட்டம் அட்டனிலிருந்து வரும். ஆனால் அது நோர்வூட்டில் மஸ்கெலியாப் பக்கம் திரும்பிவிடும். அதற்கப்பால் பள்ளத்தாக்கின் அடியில் ரோடு பெரிய ஏற்ற இறக்கமில்லாமல் போகிறது. டிரம் பிரேக்குக்கு வேலை குறைவு, இரண்டு பக்கமும் தேயிலை. பெப்ரவரியில், வாரநாளில், காலை எட்டரைக்கு அங்கே இருங்கள். பெற்றோலை அட்டனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.