வேனில் கடலுக்குப் புறப்படும் குடும்பங்களுக்குப் பத்து அறிவுரைகள்

புக்கிட் செலம்பாவிலும் பீடோங்கிலும் இளம் தம்பதியர் அடிக்கடி கேட்கிறார்கள்: மோட்டார்ஹோம் எடுத்துப் பிள்ளைகளோடு கடலோரம் தங்கிவர நம் சம்பளம் தாங்குமா? தாங்கும். தோட்டத்திலும் ஆலையிலும் உழைக்கிறவர்கள் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட நினைப்பது ஆடம்பரம் ஆகாது. செலவைக் குறைக்க எத்தனையோ வழி உண்டு. ஆனால் பாதுகாப்பிலும் வீட்டுப் பெண்களின் ஓய்விலும் கை வைத்துக் குறைக்கக் கூடாது. குடும்பத்தோடு பல வருடம் போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

1. முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள், வண்டியைப் பிறகு பார்க்கலாம். முதல் பயணத்துக்குப் பந்தாய் மெர்டேக்கா கடற்கரை போதும். சுங்கை பட்டாணி வழியாகச் சாதாரணச் சாலையிலேயே போகலாம், டோல் கிடையாது. நடு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருக்கிறது. லங்காவி, லூமுட் எல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

2. வாடகை மோட்டார்ஹோம்தான் வேண்டும் என்றில்லை. அதற்கு ஓர் இரவுக்கே சில நூறு வெள்ளி போய்விடும். சொந்த வேனில் பின் இருக்கைகளை மடக்கி மெத்தை போட்டால் தாயும் சின்னப் பிள்ளைகளும் படுக்கலாம், மற்றவர்களுக்கு வெளியே கூடாரம். இருக்கையைக் கழற்றி வண்டியை மாற்றியமைக்க நினைத்தால் முதலில் சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) அனுமதி வாங்குங்கள். வாடகைக்கே எடுப்பதென்றால், சுமையில்லாத எடை 3,500 கிலோவுக்குள் இருந்தால்தான் உங்கள் ‘டி’ உரிமம் செல்லும். காப்புறுதித் தாளையும் டயரையும் பார்க்காமல் சாவியை வாங்காதீர்கள்.

3. வண்டி ஓடும்போது யாரும் மெத்தையில் படுக்கக் கூடாது. எல்லோரும் இருக்கையில், எல்லோருக்கும் பெல்ட். சின்னப் பிள்ளைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்பது 2020 ஜனவரி 1 முதல் சட்டம். பாட்டி மடியில் இருந்தால் பத்திரம் என்ற எண்ணம் பாசத்தால் வருவது. ஆனால் விபத்தில் அந்த மடியால் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது.

4. எண்ணெய்க் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். டீசல் வண்டி மலிவு என்பது பழைய பேச்சு. 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. அதற்குப் பிறகு விலை நிலையாக இல்லை. புறப்படும் வாரத்து விலையைப் பார்த்து, போகவர ஆகும் பணத்தைத் தனி உறையில் எடுத்து வையுங்கள்.

5. நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் சிக்கனம் உண்டு. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்குக்காரர்களுக்கும் பேராக்காரர்களுக்கும் சனியும் ஞாயிறும். இரண்டு கூட்டமும் சனிக்கிழமை சேர்ந்துவிடும். வியாழன் மாலை போய்ச் சனி காலையில் கிளம்பிவிட்டால் நெரிசல் இல்லை. ஜனவரி, பிப்ரவரி நம் பக்கம் மழை குறைந்த மாதங்கள். ஏப்ரலுக்குப் பிறகு போகிறவர்கள் படுக்கும் முன் பந்தல் துணியைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன் அடிக்கும்.

6. கடல் ஏறும் நேரத்தையும் வற்றும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். நம் கரையில் நீர் வற்றினால் சேறு தெரியும். பிள்ளைகள் குளிக்க ஏற்றம்தான் நல்லது, ஆனால் மெர்போக் ஆற்று முகத்துவாரத்தின் பக்கம் வேண்டாம், அங்கே நீரோட்டம் இழுக்கும். ஏற்றநீர் விட்ட கோட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்தாதீர்கள். மணலில் சக்கரம் புதைந்து நிற்கும்போதே கடல் ஏறிவரும்.

7. 2004 டிசம்பர் 26ஐப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அன்று சுனாமி இந்தக் கரையையும் அடித்தது, நாடு முழுவதும் 68 உயிர்கள் போயின. பக்கத்தில் கோத்தா கோலா மூடாவில் சுனாமி காட்சிக்கூடம் இருக்கிறது, அழைத்துப் போய்க் காட்டுங்கள். நிலம் பலமாக அதிர்ந்தாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ மீன் பொறுக்க ஓடக் கூடாது, கரையை விட்டு மேட்டுக்கு ஓட வேண்டும். இதை நாலு வயதுப் பிள்ளைக்கும் புரிய வைக்கலாம்.

8. எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, குளிரூட்டியில் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். வண்டிக்குள் அடுப்பும் கரியும் மூட்டக் கூடாது. கண்ணாடிகளை இறக்கிக் கொசுவலை கட்டுங்கள். கேஸ் குப்பியை வெயிலில் பூட்டிய வண்டிக்குள் விடாதீர்கள். முதலுதவிப் பெட்டியில் ஒரு போத்தல் வினிகர் இருக்கட்டும். ஜெல்லி மீன் கொட்டினால் தேய்க்காமல், நல்ல தண்ணீரும் ஊற்றாமல், வினிகரை ஊற்றுங்கள். மூச்சுத் திணறினால் உடனே 999.

9. சமையலை வீட்டிலேயே பாதி முடித்துவிடுங்கள். முதல் நாளுக்குப் புளிச்சாதமும் காய்ந்த நெத்திலிச் சம்பலும் தாங்கும். மறுநாள் காலை கடையில் நாசி லெமாக் வாங்குங்கள். மற்ற வேளைக்கு அடுப்பை ஆண்கள் பார்க்கட்டும், பாத்திரத்தைப் பிள்ளைகள் கழுவட்டும். வீட்டில் செய்த வேலையையே தாய் கடற்கரையிலும் செய்தால் அவளுக்கு அது விடுமுறை ஆகாது. குடிநீரை வேண்டியதற்கு மேலேயே எடுத்துப் போங்கள். திரும்பும் முன் தஞ்சோங் டாவாயில் நெத்திலியும் கருவாடும் வாங்கலாம்.

10. திரும்பும் வழியில் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் படை அனுப்பிய கடாரம் இந்தப் பகுதிதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையை அடையாளமாக வைத்து அந்தக் காலத்துக் கப்பல்கள் இங்கே வந்தன. நம் பிள்ளைகள் இந்த மண்ணின் வரலாற்றை நேரில் பார்க்க வேண்டும்.

இரவு தங்கும் முன் அங்குள்ளவர்களிடம் அனுமதி கேளுங்கள், குப்பையை மூட்டை கட்டி எடுத்து வாருங்கள், வீடு வந்ததும் வண்டியின் அடிப்பாகத்து உப்பைக் கழுவுங்கள். முதல் தடவை ஒன்றிரண்டு இரவு போதும். பணம் சேரட்டும் என்று காத்திருந்தால் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். இந்த வருடமே நாள் குறித்துவிடுங்கள்.